பிட்யூட்டரி ஹார்மோன்கள் புற்றுக்கட்டியின் ரத்தக்குழாய்களை வளர்க்கின்றனவா? அம்மாவின் டி.எஸ்.எச். குறித்து ஒரு கேள்வி

பாலக்கோடு உயிரியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோடு வட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். என் அம்மாவுக்குத் தைராய்டில் பாப்பிலரி வகைப் புற்றுநோய் இருப்பது தெரிய வந்து, சுரப்பி முழுவதையும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். கழுத்து நிணநீர் முடிச்சுகள் சிலவற்றுக்கும் நோய் பரவியிருந்ததால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவு 0.1-க்குக் கீழே நிற்கும்படி, தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரையைத் தேவைக்குச் சற்று அதிகமாகவே கொடுத்து வருகிறார்கள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் அந்த ஹார்மோன் ஏறினால், மிஞ்சியிருக்கும் செல்களுக்கு ஊக்கம் கொடுத்ததாகிவிடும் என்று மருத்துவர் விளக்கினார்.

அந்த ஊக்கம் செல் பிரிவதை மட்டும் தூண்டுவதா, அல்லது கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய்கள் வளர்வதும் அதில் அடங்குமா என்பதே என் கேள்வி. வகுப்பில் பிட்யூட்டரியை ஒரு பாடத்திலும் புற்றுநோயை வேறொரு பாடத்திலும் நடத்துகிறோம். இரண்டையும் இணைத்து யோசிக்க வேண்டிய நிலை வீட்டில்தான் எனக்கு வந்தது.

இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தங்கைக்குப் பிட்யூட்டரியில் சிறு கட்டி இருந்து, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் அதிகமாகி, கேபர்கோலின் மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். அம்மாவுக்கு நோய் வந்த நாளிலிருந்து, "எனக்கு இந்த ஹார்மோன் கூடியிருந்த காலத்தில் உடம்பில் வேறு எங்காவது எதையாவது வளர்த்துவிட்டிருக்குமோ?" என்று அவள் கேட்டபடியே இருக்கிறாள். விவரம் அறிந்தவர்கள் சற்று ஆழமாகவே விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கிருஷ்ணகிரி, உடலியங்கியல் கற்பிப்பவர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கு ஆம் என்பதே என் பதில்; டி.எஸ்.எச். இரண்டு வேலையையும் செய்கிறது. ஆனால் அந்த 'ஆம்' என்ற பதிலை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதில் கவனம் தேவை. ஆகவே கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் அதற்கென்று புதிய ரத்தக்குழாய்கள் வேண்டும் என்ற கருத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்தார். அதற்குக் குறைவான அளவில் ஆக்சிஜனும் உணவும் பக்கத்துத் திசுவிலிருந்து ஊடுருவியே வந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டியதும் கட்டியின் நடுப்பகுதி மூச்சுத் திணறத் தொடங்குகிறது. அப்போது அந்தச் செல்கள் வெளியிடும் புரதங்களில் முதன்மையானது வி.இ.ஜி.எஃப். எனப்படும் ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி. அருகிலுள்ள நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் அதை உணர்ந்து, சுவரை நெகிழ்த்திக்கொண்டு, கட்டியை நோக்கிக் கிளை விடுகின்றன.

இந்த இடத்தில் பிட்யூட்டரிக்கு ஒரு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. ரத்தக்குழாய்களை வளரச் செய்யும் எஃப்.ஜி.எஃப். என்னும் காரணியை 1970-களில் கோஸ்போடரோவிச் பிரித்தெடுக்கத் தொடங்கியது மாட்டின் பிட்யூட்டரியிலிருந்து. 1989-இல் நெப்போலியோன் ஃபெராரா வி.இ.ஜி.எஃப்.-ஐத் தூய்மைப்படுத்தியதும் மாட்டுப் பிட்யூட்டரிச் செல்கள் வளர்ந்த திரவத்திலிருந்துதான். அதைச் சுரந்தவை ஹார்மோன் சுரக்கும் செல்கள் அல்ல, அவற்றுக்கு இடையே நட்சத்திர வடிவில் கிளை பரப்பிக் கிடக்கும் துணைச் செல்கள். எனவே வி.இ.ஜி.எஃப். ஒரு பிட்யூட்டரி ஹார்மோன் என்று மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டாம். உடலின் பெரும்பாலான திசுக்கள் அதைச் சுரக்க வல்லவை. பிட்யூட்டரி ஹார்மோன்களின் பங்கு, அந்தச் சுரப்பைக் கூட்டுவதும் குறைப்பதும்.

டி.எஸ்.எச். அதற்கு மிகத் தெளிவான உதாரணம். தைராய்டு செல்லின் மேல் உள்ள ஏற்பியில் (ஹார்மோனை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) அது அமர்ந்ததும், செல் வளர்கிறது, ஹார்மோனைத் தயாரிக்கிறது, வி.இ.ஜி.எஃப்.-ஐயும் கூடுதலாகச் சுரக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த தைராய்டு புற்றுச் செல்களிலும் இதே விளைவு 1990-களிலேயே பதிவாகியிருக்கிறது. புற்றுநோய்க்கு வெளியேயும் இதைக் காணலாம். கிரேவ்ஸ் நோயில், டி.எஸ்.எச். அமர வேண்டிய அதே ஏற்பியை ஓர் எதிர்ப்பொருள் ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கும்; அந்த நோயாளியின் வீங்கிய கழுத்தின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், இதயத் துடிப்போடு சேர்ந்து 'உஸ்... உஸ்...' என்று ரத்தம் பாயும் ஓசை காதில் விழும். சுரப்பிக்குள் அந்த அளவுக்குக் குழாய்கள் பெருகி, ரத்த ஓட்டம் கூடியிருக்கும். ஏற்பியைத் தூண்டினால் ரத்தக்குழாய் பெருகும் என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவின் மருத்துவர் டி.எஸ்.எச்.-ஐ அழுத்தி வைப்பது இந்தக் காரணத்துக்காகவும்தான். ஆனாலும் அந்தச் சிகிச்சையின் பலன் முழுவதும் ரத்தக்குழாய் வழியாகவே வருகிறது என்று எவரும் நிறுவவில்லை. செல் பிரிவதை நேரடியாகக் குறைப்பதே அதன் முதல் நோக்கம். பாப்பிலரி, ஃபாலிகுலர் வகைகளில் செல்கள் அந்த ஏற்பியைத் தக்கவைத்திருப்பதால்தான் இந்த உத்தி பலிக்கிறது. மெடுல்லரி வகை தைராய்டின் வேறு செல்லில் பிறப்பது, அதற்கு டி.எஸ்.எச்.-ஐ அழுத்துவதால் பயனில்லை.

இனி உங்கள் தங்கைக்கு. புரோலாக்டினின் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனெனில் ஒரே ஹார்மோன் அதில் இரண்டு திசையிலும் வேலை செய்கிறது. முழு நீளப் புரோலாக்டினின் எடை 23 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). அது ரத்தக்குழாய் வளர்ச்சிக்கு ஓரளவு துணை நிற்கிறது. கதெப்சின் டி முதலிய நொதிகள் அதை வெட்டும்போது 16 கிலோடால்டன் அளவில் ஒரு துண்டு உருவாகிறது. அந்தத் துண்டோ ரத்தக்குழாய் வளர்ச்சியைக் கடுமையாகத் தடுக்கிறது. கார்மென் கிளாப்பும் உடன் பணியாற்றியவர்களும் 1990-களின் தொடக்கத்தில் இதை நிறுவினார்கள். இந்தத் துண்டுகளுக்கு வாசோஇன்ஹிபின் என்று பெயர். ஆகவே ரத்தத்தில் புரோலாக்டின் எவ்வளவு இருக்கிறது என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு குழாய் வளருமா, வளராதா என்று கணிக்க முடியாது. அந்தத் திசுவில் எந்த நொதி அதை எவ்வளவு வெட்டுகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. பிரசவத்தை ஒட்டி வரும் ஓர் இதயத் தசை நோயில் இந்தத் துண்டு இதயத்தின் நுண்குழாய்களைச் சிதைக்கிறது என்று 2007-இல் ஹில்ஃபிகர்-கிளைனர் குழு காட்டியது. இந்த வெட்டு மனித உடலில் மெய்யாகவே நடக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று.

மாதவிடாய் நின்ற பெண்களில் புரோலாக்டின் சற்று உயர்ந்திருப்பதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் மிதமான தொடர்பு இருப்பதாகப் பெரிய கண்காணிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. அதைப் படித்துவிட்டு உங்கள் தங்கை கலங்க வேண்டியதில்லை. பிட்யூட்டரிக் கட்டியால் புரோலாக்டின் பல மடங்கு ஏறிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் அதற்கேற்றபடி பெருகியதாகத் தெளிவான சான்று இல்லை. அவர் சாப்பிடும் கேபர்கோலின் டோபமைனைப் போலச் செயல்படும் மருந்து; டோபமைனோ, வி.இ.ஜி.எஃப்.-இன் வேலையைத் தடுக்கும் இயல்புடையது என்று சுஜித் பாசுவின் குழு 2001-இல் வெளியிட்டது. கருத்தரிப்புச் சிகிச்சையில் சினைப்பை அளவு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்தைக் குறைக்க இதே கேபர்கோலினைக் கொடுப்பதற்கும் இந்த இயல்பே அடிப்படை. அவருடைய கட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை: நல்ல நிலையில் உள்ள பிட்யூட்டரித் திசுவைவிடப் பிட்யூட்டரிக் கட்டிகளில் பொதுவாக ரத்தக்குழாய்கள் குறைவாகவே காணப்படுகின்றன. அந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை மெதுவாக வளர்வதும் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவாமல் இருப்பதும் இதோடு பொருந்திப் போகின்றன.

வளர்ச்சி ஹார்மோனின் தடம் புற்றுநோயில் அல்ல, கண்ணில் முதலில் தெரிந்தது. 1953-இல் பௌல்சன் என்ற மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்: சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருந்த அவருக்குப் பிரசவத்தின்போது பிட்யூட்டரி செயலிழந்தது, அதன்பின் விழித்திரைப் பாதிப்பு தணிந்தது. அந்த ஒரு குறிப்பைத் தொடர்ந்து, பார்வையைக் காக்க வேண்டி நோயாளிகளின் பிட்யூட்டரியையே அகற்றும் அறுவை சிகிச்சை சில காலம் நடந்தது. லேசர் வந்தபின்தான் அது கைவிடப்பட்டது. வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலை ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்க வைக்கிறது, அந்த ஐ.ஜி.எஃப்.-1 இல்லாவிட்டால் விழித்திரையில் வி.இ.ஜி.எஃப். முழு வேகத்தில் வேலை செய்வதில்லை என்பது பிற்காலத்தில் விளங்கியது. புற்றுச் செல்களிலும் ஐ.ஜி.எஃப்.-1 வி.இ.ஜி.எஃப். சுரப்பைக் கூட்டுகிறது. வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பியே பழுதாகப் பிறக்கும் லாரோன் குறைபாடு உடையவர்களிடம் புற்றுநோய் மிக அரிது என்று ஈக்வடாரில் நடந்த ஆய்வு 2011-இல் தெரிவித்தது. அதற்கு ரத்தக்குழாய் மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வும் சொல்லவில்லை.

பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்.எச். விந்தகத்தின் வழியாக டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டி, புரோஸ்டேட் கட்டியின் ரத்தக்குழாய்களைத் தாங்குகிறது. ஹார்மோனை நிறுத்தியதும் அந்தக் குழாய்கள் சுருங்குவதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏ.சி.டி.எச். கூட்டும் கார்டிசாலுக்குப் பொதுவாகக் குழாய் வளர்ச்சியைக் குறைக்கும் இயல்பு உண்டு. இவை இரண்டும் உங்கள் வீட்டுக் கேள்விக்குத் தொலைவானவை என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

அரூர், விலங்கியல் ஆய்வு மாணவர்:

ஐயாவின் விளக்கத்தில், சினைப்பையையும் விந்தகத்தையும் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்.எஸ்.எச். விடுபட்டிருப்பதால் இதைச் சேர்க்க விரும்புகிறேன். 2010-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ராடு, கினியா ஆகியோரின் குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கட்டித் துண்டுகளைச் சோதித்து, பதினோரு வகைப் புற்றுநோய்களில் கட்டியின் ஓரத்தில் உள்ள ரத்தக்குழாய்ச் சுவரிலேயே எஃப்.எஸ்.எச். ஏற்பி இருப்பதாக அறிவித்தது. மற்ற ஹார்மோன்கள் கட்டிச் செல்லைத் தூண்டி அதன் வழியாகக் குழாயை வளர்க்க, இங்கே ஹார்மோன் குழாயோடு நேரடியாகவே பேசக்கூடும் என்பதால், என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எஃப்.எஸ்.எச். பல மடங்கு ஏறுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரி, உடலியங்கியல் கற்பிப்பவர்:

தம்பி, அந்தக் கட்டுரையை நானும் ஆவலோடு படித்தேன். அதை வேண்டுமென்றேதான் விட்டேன். அந்த முடிவு முழுவதும் ஏற்பியைக் கண்டுகொள்ளப் பயன்படுத்திய எதிர்ப்பொருளின் துல்லியத்தை நம்பி நிற்கிறது. சினைப்பைக்கும் விந்தகத்துக்கும் வெளியே இந்த ஏற்பியைக் காட்டப் பயன்பட்ட எதிர்ப்பொருள்கள் சில, வேறு புரதங்களோடும் ஒட்டிக்கொள்கின்றன என்று பின்னர் வந்த ஆய்வுகள் சுட்டின. தொப்புள்கொடி ரத்தக்குழாய்ச் செல்களில் இந்த ஏற்பியைத் தேடிய சில குழுக்களுக்கு அது அகப்படவும் இல்லை. நீங்கள் இதில் ஆய்வு செய்வதாக இருந்தால், ஏற்பியின் புரதத்தோடு நில்லாமல் அதன் ஆர்.என்.ஏ. இருக்கிறதா என்பதையும், எஃப்.எஸ்.எச். சேர்த்ததும் செல் உண்மையில் பதில் தருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் எஃப்.எஸ்.எச். ஏறுவது எல்லாப் பெண்களுக்கும் நடக்கும் இயல்பான மாற்றம். நோயாளி ஒருவரின் மகள் படிக்கும் இடத்தில், இன்னும் தீராத ஒரு விவாதத்தைக் கொண்டு அதை ஆபத்தாகக் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

ஓசூர், புற்றுநோய் மருந்துப் பிரிவில் மருந்தாளுநர்:

மருந்துகளைக் கையாளும் இடத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடித்து முடக்கும் பெவாசிசுமாப் என்ற ஊசி மருந்துக்கு 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. அது பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கானது. இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலர் (மூல மருந்தை ஒத்த) வடிவங்கள் வந்தபின் விலை குறைந்து, அதை இங்கே பலருக்கும் கொடுக்க முடிகிறது. தைராய்டைப் பொறுத்தவரை, கதிரியக்க அயோடினுக்குக் கட்டுப்படாமல் பரவும் நிலையில் மட்டும் சோராஃபெனிப், லென்வாடினிப் என்ற மாத்திரைகள் பயன்படுகின்றன. வி.இ.ஜி.எஃப். ஏற்பியை உள்ளிருந்து தடுப்பவை இவை. ஆசிரியையின் அம்மாவுக்கு இப்போது இவை எதுவும் தேவையில்லை என்றே அவர் எழுதியதிலிருந்து தெரிகிறது.

ஆனால் ஆசிரியை கேட்ட இணைப்பு இந்த மாத்திரைகளில் தலைகீழாகவும் தெரிகிறது என்பதால் குறிப்பிடுகிறேன். சிறுநீரகப் புற்றுநோய்க்கு சுனிடினிப் சாப்பிடுபவர்களில் கணிசமானோருக்கு, அதுவரை நன்றாக இருந்த தைராய்டு மந்தமாகி டி.எஸ்.எச். ஏறிவிடுகிறது. தைராய்டின் நுண்குழாய்கள் வி.இ.ஜி.எஃப்.-ஐ நம்பியே உயிர் வாழ்வதால், அதைத் தடுத்ததும் குழாய்கள் சுருங்கி, சுரப்பியும் சோர்கிறது என்பது இதற்கு முக்கியமான விளக்கம். தைராய்டை முன்பே எடுத்துவிட்டவர்களுக்கும் லென்வாடினிப் தொடங்கியபின் பழைய அளவு தைராக்சின் போதாமல் போவதுண்டு. எனவே இந்த வகை மாத்திரை வாங்க வருபவரிடம் ரத்த அழுத்தக் குறிப்போடு கடைசியாக எடுத்த டி.எஸ்.எச். ரிப்போர்ட்டையும் கேட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

பாலக்கோடு உயிரியல் ஆசிரியை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கையை உட்கார வைத்து, புரோலாக்டின் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

இன்னும் ஒரு சந்தேகம் என்னை உறுத்துகிறது. அம்மாவுக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கப் போகிறார்கள். அதற்கு முன் சில வாரங்கள் தைராக்சினை நிறுத்தி, டி.எஸ்.எச்.-ஐ 30-க்கு மேல் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். 0.1-க்குக் கீழே வைத்தால்தான் பாதுகாப்பு என்று சொன்ன அதே ஹார்மோனை இப்போது நூற்றுக்கணக்கான மடங்கு ஏற்றினால், அந்த வாரங்களில் ரத்தக்குழாய் வளர்ந்துவிடாதா?

கிருஷ்ணகிரி, உடலியங்கியல் கற்பிப்பவர்:

அயோடினை ரத்தத்திலிருந்து உள்ளே இழுக்கும் ஒரு புரதம் தைராய்டு செல்லின் சுவரில் இருக்கிறது. அந்தப் புரதத்தை அதிகமாக உருவாக்கச் சொல்லும் கட்டளை டி.எஸ்.எச்.-இடமிருந்தே வர வேண்டும். டி.எஸ்.எச். தாழ்ந்திருக்கும்போது கதிரியக்க அயோடினைக் கொடுத்தால், மிஞ்சியிருக்கும் புற்றுச் செல்கள் அதைத் தொடாமல் விட்டுவிடும். மருந்து சிறுநீரில் வீணாகப் போய்விடும். ஆகவே சில வாரங்கள் மட்டும் ஹார்மோனை ஏற்றி, அந்தச் செல்களைப் பசிக்க வைத்து, விழுங்க வைத்து, அதே கதிரியக்கத்தால் அழிக்கிறார்கள். அந்தக் குறுகிய காலத்தில் செல்களுக்கு ஓரளவு தூண்டுதல் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் சுரப்பியின் பெரும்பகுதி ஏற்கெனவே நீக்கப்பட்டு, எஞ்சியவை மிகச் சிறிய தொகுதிகளாக இருக்கும் நிலையில், வாரக்கணக்கான தூண்டுதலால் வரக்கூடிய கேட்டைவிட அயோடின் சரியாகப் போய்ச் சேர்வதால் வரும் நன்மை பெரிது. ஆண்டுக்கணக்கில் ஏறிக் கிடக்கும் டி.எஸ்.எச். வேறு, நோக்கத்தோடு ஏற்றி உடனே இறக்கப்படும் டி.எஸ்.எச். வேறு.

மாத்திரையை நிறுத்தும் வாரங்களில் அம்மா மிகவும் சோர்ந்துபோவார், குளிர் தாங்கமாட்டார், மலச்சிக்கலும் வரலாம். அதற்குத் தயாராக இருங்கள். அவருக்கு இதய நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனெனில் மாத்திரையை நிறுத்தாமலேயே ஊசி மூலம் டி.எஸ்.எச்.-ஐச் செலுத்தும் வழியும் உண்டு. அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு ஊசிகள் போடுவார்கள், விலைதான் அதிகம்.

பென்னாகரம், பொது மருத்துவர்:

இந்த உரையாடலைப் படித்து வந்தேன். நம் தருமபுரி மாவட்டத்துக்கே உரிய ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. டி.எஸ்.எச்.-ஐ நீண்ட காலம் அழுத்தி வைத்தால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலியும், இதயத் துடிப்பு சீர் குலையவும் கூடும். அதனால் இடையில் எலும்பு அடர்த்தியை அளக்கச் சொல்வார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்தவர்களில் பலருக்கு எலும்பில் ஃபுளோரைடு படிந்திருக்கிறது. அத்தகைய எலும்பு அளவியில் அடர்த்தியாகத் தெரியும், உண்மையில் உறுதி குறைந்திருக்கும். ஃபுளோரைடுதான் தைராய்டு புற்றுநோயைக் கொண்டுவந்தது என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால் அதற்குக் காது கொடுக்க வேண்டாம். நான் சொல்வது எலும்பு ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி மட்டுமே. அம்மாவின் பல்லில் பழுப்புக் கறை இருந்தாலோ, முதுகும் மூட்டுகளும் இறுகி வலித்தாலோ, அவர் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார் என்பதை வெளியூரில் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவராக அதைக் கேட்க வாய்ப்பு குறைவு.

எலும்புக்காகக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், அதைத் தைராக்சினோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் கொடுத்து, காபிக்கும் களிக்கும் குறைந்தது அரை மணி நேரம் இடைவெளி விட்டு, கால்சியத்தையும் இரும்புச் சத்து மாத்திரையையும் நான்கு மணி நேரம் கழித்தே கொடுங்கள். அளவு சரியாக இருந்தும் டி.எஸ்.எச். இறங்காமல் என்னிடம் வந்தவர்களில் பலர், இந்த இரண்டு மாத்திரைகளையும் ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.